காவல்காரியைக் கூப்பிடலாமா

அந்த நிறுவனத்தின் மேல்மாடி காலி என்று யாரும் சொல்ல முடியாது. நீளமான மேசை, சுற்றிலும் சுழலும் நாற்காலிகள், நாற்காலிக்கு ஓர் அதிகாரி என்று நிரம்பி வழிந்தது. கணினி விளையாட்டைச் செய்கிறவர்கள் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டும் மேலே காற்றோட்டமாக இருந்தார்கள். லிஃப்ட் பழுதான நாட்களில் மேலே இருப்பவர்கள் கீழே இறங்குவதில்லை. அந்த நாட்களில் கீழே வேலை நன்றாக நடந்தது.

வசனக்காரி கீழ்த்தளத்தைச் சேர்ந்தவள். அவளுக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். நிறுவனத்தை ஊர் உலகம் அறியச் செய்த மாயலோக விளையாட்டின் முதல் பாகத்துக்குக் கதையும் வசனமும் அவளுடையவை. அதில் ஒரு காவல்காரி வருவாள். மூடுபனிக்குள்ளிருந்து பூதங்கள் புறப்பட்டு வரும். காவல்காரி கோட்டை வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்து, ஊரைக் காப்பாற்றி, கடைசியில் வாளை ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே என்னை யாரும் கூப்பிடாதீங்க" என்று சொல்லிப் படுத்துவிடுவாள். ஆடியவர்கள் அழுதார்கள். அழுத கையோடு இரண்டாம் பாகம் எப்போது என்றும் கேட்டார்கள்.

அந்தக் கடைசி வசனம் வசனக்காரி யோசித்து எழுதியதல்ல. அவளுடைய அக்கா சொன்னது. அப்பா அம்மா போன பிறகு தம்பி தங்கைகளைத் தூக்கி நிறுத்தியவள் அக்கா. கடைக்குட்டித் தம்பிக்குக் கல்யாணம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்து, கைப்பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு, இதே வார்த்தைகளைச் சொல்லிப் படுத்தவள், மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள். அக்கா அப்படித் தூங்கி வசனக்காரி அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தூக்கத்தைத்தான் அவள் காவல்காரிக்குக் கொடுத்தாள். அதனால், இரண்டாம் பாகத்தில் காவல்காரியைத் திரும்பக் கூப்பிடலாமா என்ற பேச்சு மேல்மாடியில் எழுந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. கூப்பிடுவதென்று முடிவானால், தூங்குகிறவளை எழுப்பும் வசனத்தை எழுத வேண்டியவளும் அவள்தான்.

மேல்மாடி அவசரப்படவில்லை. மறுவருகைப் பரிசீலனைக் குழு என்று ஒன்றை அமைத்தது. குழுத் தலைவர் அதற்குமுன் குளியலறைக் குழாய் செய்யும் ஒரு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். முதல் கூட்டத்துக்கு வசனக்காரியையும் அழைத்துக் கதவோரமாக உட்காரவைத்தார்கள்.

"எனக்குச் சொந்தக் கருத்துன்னு எதுவும் கிடையாது," என்று தலைவர் தொடங்கினார். "இத்தனை வருஷ அனுபவத்துல ஒரு தடவைகூட நான் எதையும் முடிவு பண்ணினதில்ல. அதனாலதான் என்மேல இதுவரைக்கும் ஒரு குற்றச்சாட்டும் வந்ததில்ல. இந்தக் குழுவும் அதே மாதிரி களங்கமில்லாம செயல்படும்னு உறுதி சொல்றேன்."

கைதட்டினார்கள். சட்ட ஆலோசகர் அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. கைதட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பது அவர் கொள்கை.

அடுத்துக் கணக்கெடுப்பு அதிகாரி எழுந்தார். காவல்காரி திரும்ப வரவேண்டுமா என்று மக்களிடம் கேட்டதில், பாதிப் பேர் வரவேண்டும் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். அதிகாரிக்கு அது மக்கள் செய்த தவறாகப் பட்டது. கேள்வியைச் செம்மைப்படுத்தி மறுபடி அனுப்பினார். "காவல்காரி வராமலிருந்து, பிறகு வந்தால், அவள் முன்பு வராததற்காக இப்போது மகிழ்வீர்களா?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஆம் என்று பதில் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், "காவல்காரியின் குதிரை எப்படி இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டிருந்தார். குதிரைக்கென்று ஓர் உபகுழு அமைக்கப்பட்டது.

இரு தரப்பையும் அனுசரித்துப் போவதுதான் குழுவுக்கு அழகு என்று தலைவர் சொன்னார். ஆகவே காவல்காரி வரலாம், ஆனால் முகம் தெரியக்கூடாது என்று ஒரு கூட்டத்தில் தீர்மானம் ஆனது. வசனக்காரி அப்படியே எழுதினாள். முதுகு தெரிவதாக ஒருவர் குறை சொன்னார். அடுத்த கூட்டத்தில், கனவில் வரலாம், ஆனால் யார் கனவு என்று சொல்லக்கூடாது என்றார்கள். அதற்கடுத்து, அவள் வரவேண்டாம், செருப்பு மட்டும் வரலாம் என்றார்கள். செருப்பு தனியாக நடந்து வந்தால் பயமாக இருக்கும் என்று கணக்கெடுப்பில் தெரிந்ததால், கடைசியில், அவள் வரட்டும், வந்தது யாருக்கும் தெரியவேண்டாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"வந்ததே தெரியக்கூடாதுன்னா, அதை எப்படி சார் எழுதறது?" என்று வசனக்காரி கேட்டாள்.

"அங்கதாம்மா உங்க திறமை இருக்கு," என்றார் தலைவர்.

வசனக்காரி கீழே வந்து, ஒரு மரத்தடியில் யாரும் இல்லாத ஒரு காட்சியை எழுதி அனுப்பினாள். மிக நுட்பமாக இருப்பதாகப் பாராட்டு வந்தது. சட்ட ஆலோசகர் மட்டும், மரம் சற்று அவளை நினைவூட்டுவதாகக் குறிப்பு எழுதியிருந்தார்.

விளையாட்டுத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாத்திரத்தின் உருவம் தயாராகவில்லை என்றால், மற்ற வேலைகள் நிற்காமலிருக்க அந்த இடத்தில் ஒரு சாம்பல்நிறப் பெட்டியை நிறுத்திவைப்பார்கள். உருவம் வந்ததும் பெட்டியை எடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் பெட்டி ஒரு வாரம் நிற்கும், மிஞ்சிப்போனால் ஒரு மாதம். இங்கே குழு கூடிக் கூடிக் கலைந்ததில், இரண்டாம் பாகத்தின் மலை, ஆறு, சந்தை, அரண்மனை எல்லாம் முடிந்து மெருகேறி நிற்க, நடுவில் கதாநாயகி நிற்கவேண்டிய இடத்தில் பெட்டிதான் நின்றது.

பெட்டிக்கு நடை கொடுக்கும் பொறுப்பு நடைக்காரருடையது. பாத்திரங்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தன் வீட்டு நிலைக்கண்ணாடி முன் தானே நடந்து பார்த்துத் தீர்மானிக்கிறவர். ராட்சசன் நடை பழகிய மாதம் கீழ்வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அவருக்கு மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு, பெட்டி நடப்பதைப் பார்த்தால் காவல்காரி மாதிரியும் இருக்க வேண்டும், இல்லாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பது.

"வலது பக்கம் அவளா நடக்குது, இடது பக்கம் வேற யாரோவா நடக்குது," என்று அவர் வசனக்காரியிடம் காட்டினார். "மொத்தத்துல பார்த்தா, பக்கெட்ல தண்ணி தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. என்னால இதுக்கு மேல முடியாதும்மா."

பெட்டி பேசவும் வேண்டியிருந்தது. கதையில் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்பார்கள். பதில் எழுதிக் கொடுத்ததையெல்லாம் குழு திருப்பியனுப்பியது. ஒன்றில் பெட்டிதான் காவல்காரி என்று தொனித்ததாம், இன்னொன்றில் இல்லையென்று தொனித்ததாம். எரிச்சலின் உச்சியில் வசனக்காரி, "அது பரிசீலனையில இருக்கு" என்று பெட்டியைப் பேசவைத்து அனுப்பினாள். அதைக் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. நிறுவன வரலாற்றிலேயே ஒரு திருத்தமும் இல்லாமல் தேறிய வசனம் அதுதான்.

பிறகு, வெளியாட்கள் சிலரை வரவழைத்து ஆடவிட்டுப் பார்த்தார்கள். பெட்டி கொள்ளைக்காரர்களை விரட்டியது. ஊர்ச் சிறுமி ஒருத்தியை மழையில் நனையாமல் தன் நிழலில் நிறுத்திவைத்தது. அது ஆற்றில் விழுந்தபோது, ஆடிக்கொண்டிருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓர் ஆசிரியை, பெட்டியைப் பார்த்தால் தன் வீட்டுக்காரர் நினைவு வருகிறது என்றார். அதிகம் பேசமாட்டாராம், ஆனால் கூடவே வருவாராம்.

தலைவர் பூரித்துப்போனார். "நாம முடிவெடுக்காம இருந்ததை மக்கள் இந்த அளவுக்கு ரசிப்பாங்கன்னு நானே எதிர்பார்க்கல," என்றார். "இனிமே முடிவெடுக்கிறதே பத்தாம்பசலின்னு தோணுது."

ஆனால் சுவரொட்டி வந்து குறுக்கே நின்றது. அச்சகத்தில் காத்திருந்தார்கள். காவல்காரி வருகிறாள் என்று போடுவதா, வேண்டாமா என்று ஒரே ஒரு பதில் வேண்டும். பரிசீலனையில் இருக்கிறது என்று சுவரொட்டி அடிக்க அச்சகக்காரர் மறுத்துவிட்டார். அவருக்கும் மானம் இருந்தது. மேல்மாடி கூடிப் பேசி, பெட்டியே கதாநாயகனாக இருக்கட்டும், கடைசிக் காட்சியில் அது போய்க் காவல்காரியை எழுப்பட்டும் என்று சாய்ந்தது. எழுப்பும் காட்சியை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரும்படி வசனக்காரிக்குச் சொல்லியனுப்பினார்கள். எழுதாவிட்டால் எழுதுவதற்கு வேறு ஆள் இருக்கிறது என்பதையும் பக்குவமாகச் சொல்லியனுப்பினார்கள்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னாள். அக்கா அந்த விளையாட்டை ஆடியவள். பூதங்களை அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பாள்.

"எழுப்பினா அவ எழுந்து வந்துடுவாளே," என்றாள் அக்கா. "அதுதானே வம்பு. கூப்பிட்டா வர்றவளைத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. வராதவளை யாரு கூப்பிடறா?"

"நான் எழுதலன்னா வேற யாராவது எழுதிடுவாங்கக்கா."

"எழுதட்டும். ஆனா நீ எழுதினே, அப்புறம் நான் உன்கூடப் பேசமாட்டேன். சோறு போடுவேன். பேசமாட்டேன்."

அக்கா சொன்னால் செய்கிறவள். ஒரு முறை பெரிய தம்பியிடம் அப்படித்தான் ஒரு கோடைக்காலம் முழுக்கப் பேசாமல் சோறு போட்டாள். அவன் இளைத்துப்போனான்.

கூட்டத்துக்கு வசனக்காரி வெறுங்கையோடு போனாள். என்ன சொல்வதென்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. நடைக்காரர், பெட்டி காவல்காரியின் படுக்கையறைக்குள் போகும் நடையைக் காட்டுவதற்காக வந்து, வெளியே வராந்தாவில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "காட்சி எங்கம்மா?" என்று கேட்டார்.

"அவ வரமாட்டா சார்," என்றாள் வசனக்காரி. வாயில் வந்தது அதுதான்.

இருக்கலாம், படக்கூடும், தோன்றுகிறது என்ற ஒட்டு எதுவும் இல்லாத ஒரு வாக்கியத்தை அந்த அறை கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சிரிக்கப்போகிறார்கள் என்று அவள் காத்திருந்தாள். ஆனால் பேனாக்கள் எழுத ஆரம்பித்தன.

"வரமாட்டேன்னு அவங்களே சொன்னாங்களா?" என்று சட்ட ஆலோசகர் கேட்டார்.

வசனக்காரி அவரை உற்றுப் பார்த்தாள். கேலி இல்லை. "சொன்னா," என்றாள்.

"எழுத்துமூலமாவா, வாய்மொழியாவா?"

"வாயாலதான்."

சட்ட ஆலோசகர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இது முக்கியமான விஷயம். இவ்வளவு நாளா சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தை நாம கேக்கவே இல்ல. நாளைக்கு அவங்க ஒரு பிரச்சனை பண்ணினா நம்மகிட்ட பதில் கிடையாது." எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். இப்படி ஒரு ஓட்டையை இத்தனை கூட்டங்களில் யாரும் கவனிக்காமல் விட்டது எப்படி என்று அவர் வருத்தப்பட்டார். அங்கே பட்டம் வாங்காதவர்கள் யாரும் இல்லை, காவல்காரி என்று ஒருத்தி கிடையாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தனக்குத் தெரியும் என்று முதலில் சொல்கிறவருக்கு அந்த அறையில் எதிர்காலம் கிடையாது.

"புதுக் கவசம் தர்றோம்னு சொல்லிப் பாருங்க," என்றார் தலைவர். "போய்க் கேட்டுட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

வசனக்காரி எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். நடைக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னாள். அவர் அவளுக்கு ஒரு காபி பிடித்துக் கொடுத்தார். குடித்துவிட்டு உள்ளே போனாள்.

"கவசம் வேண்டாம்னுட்டா சார். பழசே தோள்பட்டையை அறுக்குதாம்."

"குதிரை? குதிரை உபகுழு அறிக்கை தயாரா இருக்கு. வெள்ளைக் குதிரை, சொன்ன பேச்சு கேக்கும்."

மறுபடி வராந்தா, மறுபடி காபி. "குதிரைக்கு யாரு புல்லு போடறதுன்னு கேக்கறா."

கணக்கெடுப்பு அதிகாரி முன்னால் சாய்ந்தார். பூதங்களைப் பாதியாகக் குறைக்கலாம் என்றார். பூதம் பாதியானாலும் கூப்பிடுகிற குரல் முழுசாகத்தான் இருக்கும் என்று பதில் வந்தது. சண்டையே வேண்டாம், சும்மா வந்து நின்றால் போதும் என்றார்கள். சும்மா வந்து நில் என்று கூப்பிட்ட எந்த வீட்டிலும் தன்னைச் சும்மா நிற்க விட்டதில்லை என்று பதில் வந்தது. அது காவல்காரியின் குரல் இல்லை, அக்காவுடையது என்று வசனக்காரிக்குத் தெரிந்தது. அதற்காக நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் எழுதியதில் இவ்வளவு சுகமாக ஒரு வசனமும் வந்ததில்லை.

"ராணியாக்கிடறோம்," என்றார் தலைவர், சற்று உணர்ச்சிவசப்பட்டு. "ஊரே காலடியில இருக்கும்."

வெளியே நடைக்காரர், "இன்னொரு தடவை நீ வந்தா காபிப் பொடி தீர்ந்துடும், சட்டுனு முடி," என்றார்.

உள்ளே போய் நின்றாள். "ராணியானா ஊரே குறை சொல்லிக்கிட்டு வரும்னு சொல்றா. நான் அவங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிச்சாச்சு, அவங்க எனக்குச் செய்யக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான், கதவைச் சாத்திட்டுப் போகச் சொல்லுன்னு சொல்றா."

முதலில் கொதித்தவர் கணக்கெடுப்பு அதிகாரி.

"நாம வளர்த்துவிட்டவங்க சார் அவங்க. நாம இல்லன்னா இன்னைக்கு யாருக்குத் தெரியும் அவங்களை?"

"ராணிப் பட்டத்தையே வேண்டாம்னு சொல்ற அளவுக்குத் தலைக்கனம்," என்றார் குதிரை உபகுழுவின் தலைவர். அவருடைய அறிக்கை பிரிக்கப்படாமலே மேசையில் கிடந்தது.

தலைவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். நிறுவனத்தின் கௌரவம் என்று ஒன்று இருப்பதாகவும், அது யாரிடமும் கெஞ்சியதில்லை என்றும் நினைவூட்டினார். கெஞ்சியது கூட்டக் குறிப்பில் இடம்பெறக்கூடாது என்று சட்ட ஆலோசகர் சேர்த்துக்கொண்டார். கால்மணி நேரத்தில் தீர்மானம் தயாரானது. காவல்காரியை இந்தப் பாகத்திலோ, இனிவரும் எந்தப் பாகத்திலோ, எந்தக் காரணத்துக்காகவும் அழைப்பதில்லை. இது அவர் மறுத்ததால் எடுத்த முடிவு அல்ல, அவர் மறுப்பதற்கு வெகுமுன்பே எடுத்த முடிவு. கைதட்டல் கூரையைத் தொட்டது. சட்ட ஆலோசகரும் கைதட்டினார்.

வசனக்காரி படியிறங்கினாள். சிரிப்பை அடக்கி அடக்கி விலாவில் வலித்தது. கீழே வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதில் எது சிரிப்பின் நீர், எது மற்றது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. வீட்டில் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "காபி எத்தனை குடிச்சே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் தலைவர் கீழ்த்தளத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. லிஃப்டில் வராமல் படியில் வந்திருந்தார். கீழ்த்தளமே எழுந்து நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் வசனக்காரியின் மேசைக்கு வந்து, எதிரே இருந்த ஆட்டம் காணும் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"அலுவல் விஷயமா வரல," என்றார். குரல் அடித்தொண்டையில் இருந்தது. "அவங்களுக்கு என்மேல கோபமா?"

"யாருக்கு சார்?"

"அவங்களுக்குத்தாம்மா."

வசனக்காரிக்கு நாக்கு நுனியில் ஒரு கேலி தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்தப்ப நான் அந்த விளையாட்டை ஆடினேன்," என்றார். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா வீட்டுல இருக்க முடியாது. நாலாவது வாசல்லயே மாட்டிக்கிட்டேன். எனக்கு ஆடத் தெரியாதும்மா. எத்தனை தடவை அவங்களை விழவெச்சிருப்பேன், கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்னாங்க. ஒரு வார்த்தை சொன்னதில்ல. யாரும் கூப்பிடாதீங்கன்னு கடைசியில சொன்னாங்க பாருங்க, அது என்னையும் சேர்த்துத்தானோன்னு ஒரு உறுத்தல். நேத்து அந்தக் கூட்டத்துல வேற அப்படியெல்லாம் பேசிட்டேன்."

கேலியை வசனக்காரி விழுங்கிக்கொண்டாள். "உங்களைச் சொல்லல சார்."

"வீட்டுக்காரம்மாவுக்கு இப்ப தேவலை. அதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன் சார்."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா சார்," என்றாள் வசனக்காரி. "தூங்கறா."

தலைவர் தலையாட்டினார். எழுந்து, நாற்காலி தரையில் உரசாமல் இரண்டு கையாலும் தூக்கி இருந்த இடத்தில் வைத்தார். பிறகு பளபளக்கும் தன் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே நுனிக்காலில் நடந்து போனார். வாசலருகே தும்மப் போன ஒருவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அவன் தும்மலை அடக்கிக்கொண்டான்.